எடைமேடை

நாற்பது டன் தாங்கும் இரும்புப் பலகை.
அதன் ஓரமாய்க் கண்ணாடி அடைத்த ஒரு பெட்டி.
உள்ளே நான், ஒரு விசிறி, ஒரு அச்சு மெஷின்,
மூடி சரியாக மூடாத தே ஓ பாட்டில்.

பதினோரு வருஷம்.
நிறைந்து வரும் லோரியை நிறுக்கிறேன்.
கொட்டிவிட்டுப் போகும் லோரியை நிறுக்கிறேன்.
கழித்தால் மிஞ்சுவது செம்பனைப் பழம்.
பழத்துக்குத்தான் காசு.

எங்கள் டவுனைக் கடக்கிறவர்கள்
காரின் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள்.
ஆலை வாசமாம்.
எனக்குத் தெரிவதில்லை.
ரவாங்கிலிருந்து தங்கை வந்தால் சொல்லுவாள்,
"அக்கா, ஒன் தலமுடியில கூட இருக்கு."
சொல்லிக்கொண்டே என் மடியில் படுத்திருப்பாள்.

மத்தியானம் ஒன்றேகாலுக்கு
எதிர்ப்புறத் தமிழ்ப்பள்ளி விடும்.
அந்த நேரத்துக்குச் சவரிமுத்து
எப்படியாவது தன் காலி லோரியை
என் பலகைமேல் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.
முன்னால் வந்தவனைக் கெஞ்சி
வரிசையில் இடம் மாறிக்கொண்ட நாளும் உண்டு.

7,420.
சீட்டை அடித்துவிடுவேன்.
அடித்த பிறகுதான் ஏற வேண்டும்,
அது எங்கள் ஒப்பந்தம்.
நேப்பாளி கார்டு ரோட்டைக் கடத்திவிட
ஓடி வருவாள் ஜெசிந்தா,
ஒன்றாம் ஆண்டு, அவிழ்ந்த ரிப்பன்,
முதுகை மறைக்கும் புத்தகப் பை.
டயரைப் பிடித்து, படியைப் பிடித்து,
அப்பாவின் கையைப் பிடித்து, உள்ளே.

7,440.

எந்தச் சீட்டிலும் ஏறாத இருபது கிலோ.
முதலாளிக்கும் நஷ்டமில்லை,
தோட்டத்துக்கும் லாபமில்லை.
அவள் ஜன்னல் வழியாக என்னையே பார்ப்பாள்.
நான் இரண்டு விரலைக் காட்டுவேன்.
முகம் தொங்கிப்போகும் அவளுக்கு.
மூன்று வேண்டுமாம். மூன்று வந்தால்
முன்சீட்டில் பெல்ட் போட்டு
பெரியவள் மாதிரி உட்காரலாம் என்று
அப்பா சொல்லி வைத்திருக்கிறார்.

இந்த மெஷினுக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
பத்துக்குள் நடப்பது எதையும் அது நம்பாது.
ஜூன் போனது. ஜூலை போனது.
ஒருநாள் இரண்டு கறிபாப் தின்றுவிட்டு ஏறினாள்.
இருபது.
ஒருநாள் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு.
இருபது.
"கல்லு கில்லு பொறுக்கிப் போட்டிருக்கியா?"
பையைக் குலுக்கிப் பார்த்தார் சவரிமுத்து.
ஒரு ரம்புத்தான் கொட்டை விழுந்தது.

போன வியாழக்கிழமை
வெளியே மழை பிடித்துக்கொண்டது.
நனைந்த சப்பாத்து, நனைந்த பை,
கிழிந்த குடையும் கையுமாக ஏறினாள்.
சிவப்பு எழுத்து தடுமாறியது.
7,440. 7,450. 7,440.
விசிறியை நிறுத்தினேன். எதற்கென்று தெரியாது.
7,450.
நின்றது.

மூன்று விரலைக் காட்டினேன்.
இரண்டு கையிலும் மூன்று மூன்று காட்டினேன்.
சவரிமுத்து அடித்த ஹார்னுக்கு
கொதிகலன் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.
பின்னால் நின்ற ஆறு லோரியும்
காரணம் தெரியாமலே ஹார்ன் அடித்தன.
இஞ்சினியர் ரோஸ்லான் போனில் கேட்டார், என்ன சத்தம்.
"மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம், என்சிக்."
இருக்கிறதா?
"இருக்கிறது."

அன்று ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்தது.
பலகை காலியாக, ஈரமாகக் கிடந்தது.
வெளிச்சப் பலகையில் பெரிய சைபர்.
செருப்போடு ஏறி நின்றேன். அறுபது.
கைப்பையைக் கீழே வைத்தேன். அறுபது.
சாப்பாட்டு டப்பா, குடை, சாவிக்கொத்து,
கட்டாத கரண்டு பில், ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
அறுபதுதான்.

கார்டு பார்க்கிறானா என்று திரும்பிப் பார்த்தேன்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.
இருக்கட்டும் என்று ஒரு குதி குதித்தேன்.

எண்பது காட்டியது, ஒரு நொடி.